வெள்ளைக்காரன் காலத்து பொதுத் தோட்டங்கள்: வேலிக்கே காசு போச்சுன்னா செடிக்கு என்ன மிச்சம்?

நாற்றங்கால்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்ச விஷயம் இது. பழைய சர்க்கார் தோட்டங்கள் பத்தி பேச்சு வந்தாலே நாம எந்த மரம் எந்த நாட்டுல இருந்து வந்துச்சு, கண்ணாடி மாளிகை எப்ப கட்டுனாங்க, இதுலயே நின்னுடுறோம். பெங்களூர் லால்பாக்னா 1889ல அடிக்கல் போட்ட கண்ணாடி மாளிகை, ஊட்டின்னா தோட்டத்தை ஒழுங்குபடுத்துன மெக்ஐவர், கல்கத்தான்னா அந்த பெரிய ஆலமரம். அந்த தோட்டத்தை சுத்தி என்ன இருந்துச்சு, ஆடு மாடு எப்படி உள்ள வராம இருந்துச்சு, அதுக்கு காசு எங்க இருந்து வந்துச்சுன்னு யாருமே கேக்குறது இல்ல.

நான் என்ன நினைக்கிறேன்னா, அந்த காலத்துல பொதுத் தோட்டம்ங்கிறது முதல்ல ஒரு வேலிதான், அப்புறம்தான் செடி. வேலி இல்லாம ஒரு நாத்து கூட ஒரு வாரம் தாங்காது. ஆனா வேலி போட்டு முடிச்சா கையில காசு இருக்காது. இந்த சிக்கலை அவங்க எப்படி சமாளிச்சாங்க, அந்த செலவு கடைசியில யார் தலையில போய் விழுந்துச்சு, இதைத்தான் கேக்குறேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாத்தேன். ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்சப்ப லால்பாக் 40 ஏக்கர். அதை சதுரம்னு வச்சுக்கிட்டா சுத்தளவு சுமார் 1.6 கிலோமீட்டர், அதாவது ஏக்கருக்கு 40 மீட்டர் வேலி. இன்னைக்கு 240 ஏக்கர், சுத்தளவு 4 கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, ஏக்கருக்கு 16 மீட்டர்தான் வருது. நிலம் 6 மடங்கு பெருகுனா வேலி இரண்டரை மடங்குதான் பெருகுது. அப்படின்னா சின்னத் தோட்டம் வச்சிருந்தவன்தான் வேலியில அதிகமா நொந்திருக்கணும். பணம் இல்லாத சங்கங்கள் எல்லாம் சின்னத் தோட்டம்தான் வச்சிருந்தாங்க, இதுதான் கொடுமை. நிஜத்துல எந்தத் தோட்டமும் சதுரமா இருக்காது, வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா வேலி இன்னும் நீளும்.

மந்து_வழி

நல்ல இழை அண்ணே. நான் ஊட்டி பக்கம், அதனால எங்க ஊர் தோட்டத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நிறைய பேருக்கு இது தெரியாது, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் முதல்ல பூந்தோட்டமே இல்ல, காய்கறித் தோட்டம். 1845 வாக்குல அங்க இருந்த ஐரோப்பியர்கள் மாசம் 3 ரூபா சந்தா போட்டு, நியாயமான விலையில நம்ம ஊர் காய்கறி நமக்குக் கிடைக்கட்டும்னு ஆரம்பிச்சது. அது சரியா ஓடல. 1847ல கவர்னர் ட்வீடேல் பிரபு தலைமையில நன்கொடை, சந்தா எல்லாம் திரட்டி பொதுத் தோட்டமா மாத்தலாம்னு முடிவு பண்ணாங்க, 1848ல லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துல பயிற்சி எடுத்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேந்தாரு. ஒழுங்குபடுத்தி முடிக்க அவருக்கு ஏறத்தாழ 10 வருஷம் ஆச்சு.

அந்த நிலத்தை நினைச்சுப் பாருங்க. மேல செங்குத்தான சரிவுல பெரிய மரங்களோட காடு, கீழ சதுப்பு, நடுவுல குறுக்க நெடுக்க ஆழமான ஓடைங்க. இந்த மாதிரி இடத்துல வேலி போடுறது சமவெளியில போடுற மாதிரி கிடையாது. நீலகிரியில சரிவுல வேலி போட்டவங்களைக் கேட்டா சொல்வாங்க, ஓடை குறுக்க வர்ற இடத்துலதான் உயிர் போகும். தென்மேற்கு மழை இறங்குனதும் தண்ணி அந்த இடத்து மண்ணை அரிச்சுட்டுப் போயிடும், கம்பம் அந்தரத்துல தொங்கும், கீழ ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்கு ஓட்டை விழும். ஒரு ஓட்டை போதும், மீதி வேலி பூரா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால அங்க வேலின்னா ஒரு தடவை செலவு இல்ல, வருஷா வருஷம் மழைக்கு அப்புறம் வர்ற செலவு.

இன்னொன்னு, தோட்டத்துக்கு மேல தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடி ஜனங்களோட குடியிருப்பு இருக்கு, இன்னைக்கும் இருக்கு. தோடர் எருமையை நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும், அகலமா வளைஞ்ச கொம்பு, நல்ல பலம், முள்ளு ரெண்டைப் பாத்து திரும்பிப் போற ஜாதி இல்ல. அந்த மலைப் புல்வெளி பூரா அதுங்க மேஞ்ச இடம். அங்க வந்து ஒரு கோடு போட்டு இதுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னா, அந்தக் கோட்டுக்கு யாரு காவல், யாரு சம்பளம்?

அணா_பைசா

சம்பளத்துக்கு பதிலா சட்டம் இருந்துச்சு. நான் வருவாய்த்துறையில இருந்து ரிட்டையர் ஆனவன், அதனால இந்தப் பக்கத்தைச் சொல்றேன்.

1871ம் வருஷத்து கால்நடை அத்துமீறல் சட்டம், அந்த வருஷத்து முதல் சட்டமே இதுதான். இதுக்கு முன்னாடி 1857லயும் ஒண்ணு இருந்துச்சு. பயிரை மேஞ்ச மாட்டை நிலத்துக்காரன் பிடிச்சு 24 மணி நேரத்துக்குள்ள பவுண்டுல சேக்கலாம். பிடிபட்ட மாட்டை அடைச்சு வைக்கிற இடம், நம்ம பக்கம் தொண்டுப்பட்டின்னு சொல்வோமே அதுதான். இதெல்லாம் விவசாயிக்காகன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா 11வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. பொது ரோடு, கால்வாய், கரை இதோட சேத்து உல்லாசப் பூங்கா, மரத்தோட்டம் இதெல்லாம் பொறுப்புல வச்சிருக்கிறவங்களும் மாட்டைப் பிடிக்கலாம்னு தெளிவா எழுதி வச்சிருக்காங்க. போலீசும் பிடிக்கலாம்.

அபராதம் என்ன தெரியுமா? 12வது பிரிவுல தலைக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கும். யானைக்கு 2 ரூபா, ஒட்டகம் எருமைக்கு 8 அணா, குதிரை காளை பசுவுக்கு 4 அணா, கன்னுக்குட்டி கழுதை பன்னிக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. பாக்க சின்னதா தெரியும். 20 ஆடு வச்சிருக்கிற ஒரு ஆயா, பட்டி பூரா ஒரே நாள்ல மாட்டிக்கிச்சுன்னா 20 அணா, அதாவது 1 ரூபா 4 அணா. கூலியே நாளைக்கு சில அணாதான் இருந்த காலம். அதுக்கு மேல பவுண்டுல தீனி தண்ணிக்குத் தனி சார்ஜ். 7 நாள்ல யாரும் கேட்டு வரலன்னா நோட்டீஸ் ஒட்டுவாங்க, அப்புறமும் வரலன்னா ஏலம். பிடிக்க வந்தவனை மறிச்சா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 500 ரூபா வரைக்கும் அபராதம்.

அதனால நாற்றங்கால் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். வேலி நல்லா இல்லாத இடத்துல சட்டமே வேலியா நின்னுச்சு. வேலியை ரிப்பேர் பண்ண வேண்டிய காசை தோட்டம் செலவு பண்ணல, மாட்டுக்காரன் அபராதமா கட்டினான்.

சிந்தாதிரி

அய்யா அருமை. ஆனா ஒரு விஷயம், மெட்ராஸ் பட்டணத்துக்குள்ள அந்த 1871 சட்டம் செல்லாதே. பிரசிடென்சி டவுன்களை, அதாவது கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணையும் முதல் பிரிவுலயே ஒதுக்கி வச்சுட்டாங்க. அங்க முனிசிபல், போலீஸ் சட்டங்கள் தனி. ஊட்டி, குன்னூர் மாதிரி இடங்களுக்கு நீங்க சொன்னது சரி.

அணா_பைசா

சரியான பாயிண்ட். மொபசலுக்கு, அதாவது பட்டணத்துக்கு வெளிய இருக்கிற ஊர்களுக்குத்தான் நான் சொன்னது பொருந்தும், பட்டணக் கதையை நீங்களே சொல்லுங்க.

சிந்தாதிரி

சொல்றேன். பட்டணத்துல ரெண்டு விதமான தோட்டம் இருந்துச்சு, ரெண்டுக்கும் வேலி விஷயம் வேற வேற.

ஒண்ணு சந்தாக்காரங்க தோட்டம். 1835ல ஆரம்பிச்ச மெட்ராஸ் அக்ரி ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி, கதீட்ரல் ரோட்டுல. செடிகொடி ஆராய்ச்சி பண்ண ராபர்ட் வைட் அதுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான ஆள். அங்க உறுப்பினர் சந்தா, விதை வித்த காசு, நாத்து வித்த காசு, கொஞ்சம் சர்க்கார் உதவி, இதுலதான் ஓட்டணும். சந்தா கட்டுறவங்க எல்லாம் ஆபீசருங்க, இன்னைக்கு மெட்ராஸ் நாளைக்கு பர்மான்னு மாறிக்கிட்டே இருப்பாங்க. ஆள் மாறுனா சந்தா நிக்கும், ஆனா ஆடு மாறாது, அது தினமும் வரும்.

இன்னொன்னு பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் டிரெவெல்யன் 1859ல ஆரம்பிச்சது, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல 116 ஏக்கர், உள்ள 11 குளம், பேண்டு வாசிக்க மேடை எல்லாம் இருந்துச்சு. பேர்லயே தெரியும், ஜனங்களுக்குன்னு நினைச்சுப் போட்டது. நாற்றங்கால் கணக்கை வச்சுப் பாத்தா சதுரமா இருந்தாக்கூட சுத்தி 2.7 கிலோமீட்டர். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் சந்தை ஜனம், பட்டணத்துல வீட்டுக்கு வீடு பசுமாடு கட்டி பால் கறந்த காலம் வேற. அதுமட்டும் இல்ல, எட்வர்ட் பால்ஃபோர் 1855ல மியூசியத்துல ஆரம்பிச்ச மிருகக்காட்சி சாலையை 1863ல இங்க கொண்டு வந்தாங்க. அப்ப இருந்து உள்ள இருக்கிற மிருகம் வெளிய போகாம ஒரு வேலி, வெளிய இருக்கிற மிருகம் உள்ள வராம ஒரு வேலின்னு ரெண்டு வேலி செலவு. புலிக்கூண்டு கம்பியா, பூச்செடி கம்பியான்னு வந்தா எது முதல்லன்னு சொல்லத் தேவையில்ல.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கிறது என்னன்னா, அந்த பீப்பிள்ஸ் பார்க்கை மாடு தின்னு அழிக்கல. விக்டோரியா பப்ளிக் ஹால் வந்துச்சு, 1900ல மூர் மார்க்கெட் வந்துச்சு, 1913ல ரிப்பன் பில்டிங், அப்புறம் ஸ்டேடியம், இப்படி ஒவ்வொரு துண்டா போச்சு. இன்னைக்கு சென்ட்ரல்ல இறங்குற ஜனத்துல நூத்துக்கு ஒருத்தருக்காவது இங்க 116 ஏக்கர் தோட்டம் இருந்துச்சுன்னு தெரியுமா? மாட்டை நிறுத்த அவ்வளவு யோசிச்சவங்க, கட்டடத்தை நிறுத்த ஒரு வரி கூட எழுதி வைக்கல.

நீர்ப்பாய்ச்சி

எல்லாரும் வேலி வேலின்னு பேசுறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன். நான் பார்க் பராமரிப்பு வேலையில இருந்தவன். மெட்ராஸ் மாதிரி ஊர்ல முதல் செலவு தண்ணி, வேலி ரெண்டாவதுதான். மோட்டார் இல்லாத காலத்துல தண்ணி எப்படி ஏறும்? ஏத்தம். ஒரு ஆள் மரத்து மேல முன்ன பின்ன நடக்கணும், கீழ ஒரு ஆள் தண்ணி மொள்ளுற சாலைப் பிடிச்சு வாய்க்கால்ல கவுக்கணும். காலைல வெயிலுக்கு முன்னாடி, சாயங்காலம் வெயில் தாழ, ரெண்டு வேளையும். அப்புறம் அந்தத் தண்ணியை வாய்க்கால்ல திருப்ப மண்வெட்டியோட ஒரு ஆள், வாய்க்கால் எட்டாத தொட்டிச் செடிக்கு குடத்துல தூக்கிட்டுப் போக ஆளுங்க. இவங்களை எல்லாம் நிறுத்திட்டு வேலி கட்டுனா, வேலிக்குள்ள காஞ்ச குச்சிதான் இருக்கும்.

அதனால அந்தக் காலத்து சூப்பரிண்டெண்ட் கையில 10 ரூபா இருந்தா 6 ரூபா தண்ணிக்குத்தான் போயிருக்கும்னு என் அனுபவம் சொல்லுது. மீதியிலதான் வேலி, காவல், எரு, தொட்டி எல்லாம். அவங்களைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதையும் யோசிக்கணும். கள்ளியும் கத்தாழையும் நட்டாங்கன்னா தண்ணி கேக்காத வேலி வேணும்ங்கிறதுக்காகத்தான்.

நாற்றங்கால்

நீங்க சொல்றது ரொம்ப சரிங்க. தண்ணி இல்லாத வேலி, சம்பளம் இல்லாத காவல், இது ரெண்டும்தான் அவங்களுக்கு வேணும். அதுதான் உயிர்வேலி. இதைப் பத்தி செடி விஷயம் தெரிஞ்சவங்க யாராவது எழுதுங்களேன்.

மகிழம்பூ

நான் எழுதுறேன். இந்த விஷயத்துல முக்கியமான ஆள் ஹியூ கிளெக்ஹார்ன். மைசூர்ல, ஷிமோகா பக்கம் டாக்டரா இருந்துட்டு அப்புறம் மெட்ராஸ் சொசைட்டிக்கு செக்ரட்டரியா இருந்தவர், 1856ல மெட்ராஸ் மாகாண காடுகளுக்கு முதல் பாதுகாவலர். அவர் 1850லயே இந்தியாவோட வேலிச் செடிகள் பத்தி தனியா ஒரு கட்டுரை எழுதினாரு. எந்த மண்ணுக்கு எது, எந்த வேலைக்கு எதுன்னு பிரிச்சுப் பாக்குற கட்டுரை. லால்பாக்கை 1856ல சர்க்கார் தாவரவியல் தோட்டமா ஆக்கணும்னு சொன்னதும் இவர்தான். ஒரு தாவரவியல் அறிஞர் வேலிக்குன்னு உக்காந்து எழுதுறார்னா அது எவ்வளவு பெரிய தலைவலியா இருந்திருக்கும்னு பாருங்க.

அவங்க கையில இருந்த செடிங்கன்னு பாத்தா, நம்ம ஊர் திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி இருந்துச்சு. அமெரிக்காவுல இருந்து வந்த சப்பாத்திக்கள்ளி, ரயில் பாதை ஓரமா வரிசையா நட்ட ஆனைக்கத்தாழை, கொடுக்காப்புளி இதெல்லாம் இருந்துச்சு. கொடுக்காப்புளி நல்ல வேலிங்க, விதை போட்டா முளைக்கும், வெட்ட வெட்ட அடர்த்தியா வரும், முள்ளும் உண்டு. சப்பாத்தி அதை விட சுலபம், ஒரு மட்டையைக் கிள்ளிப் போட்டா போதும். செலவே இல்லாத வேலி.

ஆனா அந்த செலவு எங்கயும் போகல, தள்ளிப் போச்சு, அவ்வளவுதான். சப்பாத்தி வேலியை விட்டு இறங்கி பொறம்போக்கு, மேய்ச்சல் நிலம், குளத்தங்கரைன்னு பரவி, பாம்பும் எலியும் குடியிருக்கிற புதரா ஆச்சு. மாடு மேயுற நிலமே போச்சு. கடைசியில 1926ல இலங்கையில இருந்து ஒரு கள்ளிப்பூச்சியைக் கொண்டு வந்து விட்டாங்க, வெள்ளையா பஞ்சு மாதிரி மட்டையில ஒட்டி சாறை உறிஞ்சுற பூச்சி, சில வருஷத்துலயே பல்லாயிரம் ஏக்கர் சப்பாத்தி கரைஞ்சு போச்சு. இதுல பாருங்க, அதுக்கு 130 வருஷம் முன்னாடியே, 1795ல, சாயம் எடுக்கணும்னு இதே வகைப் பூச்சியில ஒண்ணை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. மெட்ராஸ்ல டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டை பக்கம் அந்தப் பூச்சிக்காகவே கள்ளித்தோட்டம் வச்சிருந்தாரு. நினைச்ச சாயம் கிடைக்கல, ஏன்னா வந்தது மட்டமான வகை.

உண்ணிச்செடி கதையும் இதேதான். 1809ல கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அலங்கார வேலிச்செடியா வந்துச்சு. இன்னைக்கு முதுமலை, பந்திப்பூர் காட்டுல புல்லையே வளர விடாம நிக்குது.

மந்து_வழி

மகிழம்பூ மேடம், எங்க மலையில கார்ஸ்னு ஒரு முள்ளுச் செடி, மஞ்சள் பூ பூக்கும், அதையும் ஸ்காட்ச் ப்ரூம்னு இன்னொன்னையும் சேத்துக்கோங்க. வேலிக்கும் சொந்த ஊர் ஞாபகத்துக்கும் வச்சது. இன்னைக்கு மேல் நீலகிரிப் புல்வெளியில அதைப் பிடுங்க ஆளும் காசும் தேடிக்கிட்டு இருக்காங்க. தோடர் எருமைக்கு மேய்ச்சல் குறைஞ்சதுக்கு காரணத்துல இதுவும் ஒண்ணு. முதல்ல வேலிக்கு வெளிய நிறுத்துனாங்க, அப்புறம் அந்த வேலிச்செடியே வெளிய வந்து இருந்த புல்லையும் எடுத்துக்கிச்சு. எனக்கு இதைப் பத்தி நினைச்சாலே வயிறு எரியும்.

தேக்கா_வாசி

சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன். இங்கயும் அதே கதைதான், இன்னும் அப்பட்டமா இருக்கும். ராஃபிள்ஸ் 1822ல கவர்ன்மெண்ட் ஹில்லுல, இன்னைக்கு ஃபோர்ட் கேனிங்னு சொல்றோமே அங்க, தாவரவியல் தோட்டம் போட்டாரு. 1829லயே காசு இல்லன்னு மூடியாச்சு. அப்புறம் 1859ல ஒரு அக்ரி ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி தங்லின்ல இப்ப இருக்கிற தோட்டத்தை ஆரம்பிச்சது, லாரன்ஸ் நிவென் அதை அழகா உருவாக்குனாரு. சந்தாவுல தாக்குப் பிடிக்க முடியாம கடன்ல விழுந்து 1874ல சர்க்கார் கையில கொடுத்துட்டாங்க. அடுத்த வருஷமே கியூவுல இருந்து ஜேம்ஸ் மர்ட்டன் வந்தாரு, மிருகக்காட்சி சாலையும் ஆரம்பிச்சாங்க. மிருகத்துக்கு தீனி, கூண்டு, காவல்னு செலவு தாங்காம 1900களோட ஆரம்பத்துல அதையும் மூட வேண்டியதா போச்சு. சிந்தாதிரி சொன்ன அந்த ரெண்டு வேலி செலவு இங்கயும் அப்படியே பொருந்துது.

பெங்களூர்லயும் 1836ல லால்பாக்கை ஒரு சொசைட்டி கையில கொடுத்து 1842ல அது கலைஞ்சு போச்சு, ஊட்டி காய்கறித் தோட்டம் ரெண்டு வருஷம் கூட ஒழுங்கா ஓடல. சிங்கப்பூர், பெங்களூர், ஊட்டின்னு மூணு ஊர்லயும் சந்தாவை நம்புன தோட்டம் நிக்கல. சந்தா கட்டுறவனுக்கு கைமேல பலன் வேணும், கோஸ் வேணும், ரோஜா வேணும், விதை பாக்கெட் வேணும். வேலி ரிப்பேருக்குன்னு யாரு சந்தாவை ஏத்துவா? சர்க்கார் பட்ஜெட்ல வந்தப்புறம்தான் அதெல்லாம் வருஷச் செலவா நின்னுச்சு.

நீர்ப்பாய்ச்சி

தேக்கா_வாசி சொன்ன இந்த சந்தா விஷயம் நூத்துக்கு நூறு. பராமரிப்புக்கு காசு கேக்குறது எப்பவுமே கஷ்டம், புதுசா ஒண்ணு திறக்கணும்னா கொடுப்பாங்க.

அணா_பைசா

நீர்ப்பாய்ச்சி சார், உங்க தண்ணி வாதத்தை நான் மறுக்கல. ஆனா ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. 1876ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல தாது வருஷப் பஞ்சம். ஜனங்க லட்சக்கணக்குல செத்தாங்க, அதுக்கு முன்னாடி மாடு செத்துச்சு, ஏன்னா புல்லு இல்ல. அந்த நேரத்துலயும் நான் சொன்ன 1871 சட்டம் அப்படியேதான் இருந்துச்சு. ஊரே காஞ்சு கெடக்கும்போது பச்சையா இருக்கிறது தண்ணி பாயுற தோட்டம்தான். பசிச்ச மாடு அங்கதான் போகும், அதுக்கு சட்டமும் தெரியாது வேலியும் தெரியாது. மாட்டுக்காரனுக்கு மாடு செத்தாலும் நஷ்டம், பவுண்டுல மாட்டுனாலும் நஷ்டம். அப்புறம் 1882ல மெட்ராஸ் வனச் சட்டம் வந்து காட்டு மேய்ச்சலையும் இறுக்கிட்டாங்க. தோட்டத்து வேலியைத் தனியா பாத்தா நியாயமாத்தான் தெரியும், நாத்து பிழைக்கணும்ல. ஆனா சுத்தி இருந்த எல்லா நிலத்துலயும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலி விழுந்துக்கிட்டே வந்துச்சு, அந்தக் கணக்குலதான் இதையும் பாக்கணும்.

நீர்ப்பாய்ச்சி

அதை நான் ஒத்துக்கிறேங்க. ஆனா வேலி ஓரத்துல காவல் நின்ன ஆளும் நம்ம ஆள்தானே. மாசச் சம்பளத்துக்கு நின்ன தோட்டக்காரன், செடி போச்சுன்னா அவன் மேலதான் பழி, மாட்டைப் பிடிச்சுக் கொடுத்தா ஊர்க்காரன் திட்டுவான். பழைய தோட்டங்கள்ல புல்லை ஏலம் விடுறது, அறுத்துக்கிட்டுப் போக விடுறதுன்னு ஒரு வழக்கம் இருந்துச்சே, அது எனக்கு நல்ல வழியாப் படுது. மாடு உள்ள வராது, புல்லு வெளிய போகும். தோட்டத்துக்கும் நாலு காசு, மாட்டுக்கும் தீனி. நான் வேலை பாத்த காலத்துலயும் புல்லறுக்க வர்ற பொம்பளைங்களை உள்ள விட்டோம்னா, அவங்களே மத்த ஆடு மாடு வராம பாத்துக்கிட்டாங்க. அவங்களுக்கும் அதுல ஒரு பங்கு இருக்குல்ல.

கொறங்காடு

இத்தனை பேரு வேலி பத்திப் பேசறீங்க, எங்க காங்கேயத்துப் பக்கம் வந்து பாத்தீங்கன்னா கிளுவை வேலின்னா என்னன்னு தெரியுமுங்க. கொறங்காடுன்னா எங்களுக்கு மேய்ச்சக் காடு. கொழுக்கட்டைப்புல்லு, நடுநடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. எந்த சொசைட்டியும் சந்தாவும் இல்லாம தலைமுறை தலைமுறையா நிக்குதுங்க.

அது எப்படின்னா, மழைக்கு முன்னாடி கைப்பருமன்ல போத்து, அதாவது நடறதுக்கான கிளை வெட்டி, ஒரு ரெண்டு மூணு நாள் நிழல்ல போட்டு வெட்டுவாய் ஆறுனப்புறம், நெருக்கி நெருக்கி சாய்வா ஊனணுமுங்க. ஒண்ணு இந்தப் பக்கம் சாய்வு, அடுத்தது அந்தப் பக்கம் சாய்வு, குறுக்க நெடுக்க. வேர் பிடிச்சு தடிக்கத் தடிக்க ஒண்ணோட ஒண்ணு உரசிப் பின்னிக்கும், ஆட்டுக்குட்டி கூட தலையை விட முடியாது. பிரண்டை, கோவை, முசுமுசுக்கை எல்லாம் தானா ஏறிக்கும். எங்கயாச்சும் சந்து விழுந்தா பக்கத்துல இருந்தே ஒரு போத்தை வெட்டி ஊனிடுவோம், கடைக்குப் போக வேண்டியதில்லீங்க. பெருசா பரவி அடுத்தவன் நிலத்தைப் பிடிக்கவும் பிடிக்காது. ஆளு போற வழிக்கு ரெண்டு கல்லை நட்டு வளைஞ்சு போற மாதிரி வச்சிருவோம், மனுசன் உடம்பைத் திருப்பிட்டுப் போயிருவான், மாட்டு உடம்பு நீளம், அந்த வளைவுல திரும்ப முடியாம மாட்டிக்கும்.

மேடம் சொன்ன அந்த கிளெக்ஹார்ன் தொரைக்கு நம்ம வேலிச்செடி எல்லாம் தெரிஞ்சிருக்கும்ல. தெரிஞ்சும் ஏன் தோட்டத்துக்கெல்லாம் கத்தாழையும் சப்பாத்தியும் நட்டாங்கன்னுதான் எனக்கு விளங்கலீங்க.

மகிழம்பூ

நல்ல கேள்வி அண்ணா. ரெண்டு காரணம்னு எனக்குத் தோணுது. கிளுவை அடர்த்தியாகி வர வருஷக்கணக்குல ஆகும், அது வரைக்கும் படல் கட்டி காக்கணும், போத்து ஊனுற கை வேணும். சப்பாத்திக்கு அது எதுவும் தேவையில்ல. சூப்பரிண்டெண்டுக்கு இந்த வருஷ ரிப்போர்ட்டுக்குள்ள வேலி எழும்பணும். இன்னொன்னு, உங்க வேலி நிக்கிறதுக்கு செடி மட்டும் காரணம் இல்ல, தினமும் அந்த வேலி ஓரமா நடக்குற குடும்பம் இருக்கு. சந்து விழுந்தா அன்னைக்கே தெரியும். பூங்காவுல அந்தக் கண்ணை சம்பளம் கொடுத்துத்தான் வைக்கணும், காசு குறைஞ்சா முதல்ல குறைக்கிறதும் அந்தக் காவல் ஆளைத்தான்.

நாற்றங்கால்

இந்த ரெண்டாவது காரணம் எனக்கு ரொம்பப் பெருசா படுது. நான் ஆரம்பத்துல செலவு யார் தலையில விழுந்துச்சுன்னு கேட்டேன். அணா_பைசா அய்யா சொன்ன மாதிரி கொஞ்சம் மாட்டுக்காரன் அபராதமா கட்டினான், மகிழம்பூவும் மந்து_வழியும் சொன்ன மாதிரி மீதியை பின்னாடி வந்த காடும் மேய்ச்சல் நிலமும் கட்டுது. நீர்ப்பாய்ச்சி சொன்ன புல்லு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, வேலிக்கு வெளிய இருக்கிறவனுக்கு உள்ள ஒரு பங்கு கொடுத்தா காவல் செலவு தானா குறையும்.

எங்க ஊர்ல ஒரு பழைய பூங்கா, கம்பி வேலி துருப்பிடிச்சு பாதி காணோம். புதுக் கம்பிக்கு காசு இல்லன்னு பேச்சு. தெற்குப் பக்கம் ஒரு ஓரமாவது கிளுவை வச்சுப் பாக்கலாம்னு நாலு பேரைக் கூட்டிக் கேக்கப் போறேன். கொறங்காடு அண்ணே, செம்மண் நிலம், தண்ணி கம்மி, ஆடு நிறைய. வருமா?

கொறங்காடு

வருமுங்க தம்பி, செம்மண்ணுல நல்லாவே வரும். ஆனா முதல் ரெண்டு வருசம் ஆட்டுல இருந்து காப்பாத்தோணும், தளிரைக் கிளுவைன்னு பாக்காம கடிச்சுப் போடும். வெளிப்பக்கம் வேலா முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சு வைங்க. இருக்குற துருக் கம்பியை இப்பவே பிடுங்கிராதீங்க, அதையொட்டியே உள்பக்கமா ஊனுங்க, கம்பி விழறதுக்குள்ள கிளுவை எந்திரிச்சிரும். ஆடு மேய்க்கிறவங்க யாருன்னு பாத்து மொதல்லயே சொல்லி வச்சிருங்க, கழிச்சு விடற தழையை அவங்களே எடுத்துக்கட்டும். மழை எறங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி சொன்னீங்கன்னா போத்து நானே வெட்டி அனுப்பறேன், காசெல்லாம் வேண்டாம், லாரி வாடகை மட்டும் நீங்க பாத்துக்கோங்க.

நாற்றங்கால்

ரொம்ப நன்றிங்கண்ணே. நீளம் அளந்து எத்தனை போத்து வேணும்னு இங்கயே எழுதுறேன். ஒரு மீட்டருக்கு எத்தனை ஊனணும்?

கொறங்காடு

ஒரு சாண் இடைவெளிங்க. அதுக்கு மேல விட்டா பின்னாது. பத்துல ஒண்ணு ரெண்டு பட்டுப் போகும், அதுக்கும் சேத்து எழுதுங்க.